கழுவிக் கொண்டுவந்த போத்தல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலும் தெரியும். அங்கே அதை எனக்குக் கேட்காத தூரத்தில் நின்று சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்டியை ஒட்டிய ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிக் கட்டியிருந்தார்கள். மேலே வாட்டுகள், கீழே ஆய்வுகூடம், நடுவே தகரக் கூரை போட்ட நீளமான படிக்கட்டு. ஆய்வுகூடத்தில் பூஞ்சையும் ஒட்டுண்ணியும் என் மேசைக்கு வரும். காலிடுக்கில் படை என்று வருகிறவர்களின் தோலைச் சுரண்டிக் காரத்தில் ஊறவைத்துப் பார்ப்பேன். காய்ச்சல்காரர்களின் இரத்தத்தில் மலேரியா தேடுவேன். மீதி நேரமெல்லாம் மலம்தான். கலியாண வீடுகளில் யாராவது நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டால், அம்மா முந்திக்கொண்டு "ரத்தம் பாக்குறா" என்பாள்.

ஆய்வுகூடத்துச் சுவரில் ஒரு சிறிய ஜன்னல் இருந்தது. ஆட்கள் தங்கள் போத்தல்களை அதன் வழியாகத்தான் நீட்டுவார்கள். அந்தக் காலத்தில் இதற்கென்று தனிப் போத்தல் கொடுக்க ஆஸ்பத்திரியில் வசதியில்லை. ஜாம் போத்தலில் வரும், தைலப் போத்தலில் வரும், நெருப்புப் பெட்டியில்கூட வரும். மூடி பொருந்தாமல் வழியும். கூடவே சுற்றிக் கொண்டுவந்த டாக்டரின் துண்டுச் சீட்டு நனைந்து, பெயரே வாசிக்க முடியாமல் போயிருக்கும். நான் ஜன்னலில் நின்றால் எல்லோருக்கும் ஏச்சு விழும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குத்தான் அதிகமாக விழும்.

ஏன் என்பது எனக்கு அப்போதே தெரியும். என் அப்பா நகரசபையில் எழுதுவினைஞர். நாங்கள் டவுனில் சுவாமிப் படம் மாட்டிய முன்னறையும் மேசையும் கதிரையுமாக வாழ்ந்தவர்கள். ஆனால் அப்பாவின் அப்பா பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்தில், கூலிக் குடும்பங்கள் வரிசையாக வாழும் லயம் ஒன்றில். ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்தவர்கள் சிங்களவர்களும் யாழ்ப்பாணத்தவர்களும். ஜன்னலில் ஒரு தோட்டத்து அம்மா அழுக்குப் போத்தலோடு வந்து நின்றால், அவர்கள் அவளைப் பார்த்துவிட்டு அடுத்து என்னைப் பார்ப்பதாக எனக்குத் தோன்றும். உண்மையில் யாரும் பார்த்ததில்லை. நானாக நினைத்துக்கொண்டு, நான் வேறு, அவள் வேறு என்று காட்டுவதற்காகக் கொஞ்சம் சத்தமாகவே ஏசுவேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஜன்னலில் நல்ல கூட்டம். மழை வேறு. ஈரக் குடைகளுக்கு நடுவே ஒரு பெண் கையை நீட்டினாள். நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு. நீட்டிய கையில் ஜாம் போத்தல். மூடியைச் சுற்றி இரத்தமும் சளியும் வழிந்திருந்தது. வாங்கிய என் விரலிலும் பட்டுவிட்டது.

"இதென்ன இது? அழுக்குப் போத்தல், நாத்தம் வேற! நாங்களும் மனுசங்கதானே? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாற சாமானை இப்பிடியா கொண்டுவாறது?" என்று கத்தினேன்.

"மகளுக்கு ரொம்ப முடியல மிஸ்ஸி. அவசரத்துல அப்பிடியே கொண்டாந்துட்டேன்" என்றாள்.

"சுத்தமா கொண்டுவந்தா பாப்பேன். இல்லாட்டி பாக்க மாட்டேன். போங்க."

போத்தலைத் திறக்கக்கூட இல்லை. அப்படியே குப்பை வாளியில் போட்டேன். வழிகிற போத்தலை எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது உண்மைதான். ஆனால் அதே விதியை வைத்துக்கொண்டு டவுன்காரர்கள் எத்தனை பேரின் வழிந்த போத்தலைத் துடைத்து எடுத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அவளுடைய மகள் மேலே பெண்கள் வாட்டில் படுத்திருந்தாள். பத்தொன்பது வயது, கொழுந்து பறிக்கிற பிள்ளை. பத்து நாளாக இரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து மருந்து கேட்கவில்லை என்று பஸ்ஸில் தலாத்துஓயா வழியாகக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளைக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லாததால் துணைக்குத் தாயை இருக்க விட்டிருந்தார்கள். கட்டிலிலேயே சட்டியில் போக மகளுக்கு வெட்கம். தாய் தாங்கிப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிப்போய், அங்கேயே போத்தலில் பிடித்து, தானே படியிறங்கிக் கொண்டுவருவாள்.

பிள்ளைக்கு என்ன நோய் என்பதில் இரண்டு பேச்சு இருந்தது. ஒன்று, அமீபாவால் வருகிற சீதபேதி. அதற்கு மருந்து உண்டு, கொடுத்தால் குணமாகும். மற்றது, உடம்பு தன் குடலையே பகையாக நினைத்துப் புண்ணாக்கிக்கொள்ளும் நோய். அதற்குக் கோர்ட்டிசோன் ஊசி. குழாய் விட்டுப் பார்த்தபோது குடலில் புண் தெரிந்தது. புண் இரண்டிலும் தெரியும். இதுவோ அதுவோ என்று ஊகித்து மருந்து கொடுத்துவிடவும் முடியாது. கோர்ட்டிசோன் உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும். உள்ளே அமீபா இருக்கிறபோது அந்த ஊசியைப் போட்டால், அமீபா தடையில்லாமல் குடலைத் தின்னும், குடல் ஓட்டை விழும், ஆள் மிஞ்சுவது கஷ்டம். அதனால்தான் முதலில் மலத்தைப் பார்த்து அமீபா உண்டா இல்லையா என்று சொல்லச் சொன்னார்கள். சொல்ல வேண்டியவள் நான்.

அமீபாவைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. வெளியே வந்து சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். உயிரோடு இருந்தால் கண்ணாடி போன்ற ஒரு விரலை முன்னால் நீட்டி, உடம்பை அதற்குள் ஊற்றிக்கொண்டு நகரும். செத்துவிட்டால் வெறும் உருண்டை. அதற்கும் சீழில் இருக்கிற செல்லுக்கும் வித்தியாசம் சொல்வது என்னைப் போன்றவர்களால் ஆகாது.

திங்கட்கிழமை மத்தியானமே அந்தத் தாய் திரும்ப வந்தாள். இந்த முறை பளபளவென்று சின்னப் போத்தல், இறுக்கிய மூடி. கையில் வாங்கும்போது சூடாகவே இருந்தது.

"பாத்தீங்களா? மனசு வச்சா முடியுதுதானே?" என்றேன்.

"ஆமாங்க மிஸ்ஸி" என்று சிரித்தாள். அவள் அவ்வளவு சந்தோசமாகச் சிரித்தது எனக்கே பெருமையாக இருந்தது.

உடனே பார்த்தேன். அசைவது எதுவும் இல்லை. இரத்தச் செல்கள் மங்கி உடைந்துபோயிருந்தன. இவ்வளவு சூடான மாதிரியில் ஏன் இப்படி என்று ஒரு கணம் யோசித்தேன். குடலுக்குள்ளேயே தங்கிக் கெட்டிருக்கும் என்று நானே ஒரு பதிலும் சொல்லிக்கொண்டேன். "அமீபா காணப்படவில்லை" என்று எழுதினேன். செவ்வாயும் அதே மாதிரிப் போத்தல், அதே பதில். புதன்கிழமை காலை மூன்றாவது. மூன்று தாளும் என் கையெழுத்து. மூன்று முறை இல்லை என்றால் இல்லைதான் என்பது அன்றைய வழக்கம்.

புதன்கிழமை பதினொரு மணியிருக்கும். ஜன்னலில் கூட்டம் கலைந்திருந்தது. நான் தேநீர்க் கோப்பையோடு நின்றேன். அந்தத் தாய் மறுபடி வந்தாள். கையில் இன்னொரு போத்தல், வெறும் போத்தல்.

"மிஸ்ஸி, பன்னெண்டு மணிக்கு எம்புள்ளைக்கு நல்ல ஊசி போடப் போறாங்களாம். பெரிய டாக்டர் ஐயா சொல்லிட்டாராம். இனிமே போத்தல் வேணாங்களா? நாளைக்கும் வேணுமின்னா இதக் கழுவி ரெடியா வச்சிருக்கேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் வெளிச்சத்துக்கு நேரே பிடித்திருந்த போத்தலின் அடியில் பால் போல வெள்ளையாக ஏதோ ஆடியது.

"உள்ள என்ன?"

"மருந்துத் தண்ணி மிஸ்ஸி."

"என்ன மருந்துத் தண்ணி?"

"நான் தோட்டத்துல, வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைகள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல ஆயாம்மாவா இருக்கேன். தொட்டில், சட்டி எல்லாம் இதப் போட்டுத்தான் கழுவுவோம். ஒரு பூச்சி அண்டாது. இங்க வரும்போது ஒரு கால் போத்தல் ஊத்தி எடுத்துக்கிட்டு வந்தேன், கட்டில் துடைக்க. நீங்க அன்னிக்கு ஏசினீங்கல்ல, அதுலேருந்து போத்தலுக்கும் ஊத்துறேன்."

"ஊத்திக் கழுவிட்டுக் கீழ கொட்டிடுவீங்கதானே?"

"கொட்ட மாட்டேன் மிஸ்ஸி. கொட்டினா நாத்தம் வந்துருமில்ல. ஒரு மூடி உள்ள விட்டு, அதுக்கு மேலதான் புடிப்பேன். புடிச்சி நல்லாக் குலுக்கிடுவேன்."

"மூணு போத்தலுக்குமா?"

"மூணுக்கும்தான். மொதப் போத்தலுக்கு மட்டும் ஊத்தல. அதத்தான் நீங்க..."

"சரி சரி" என்று அவள் பேச்சை வெட்டினேன்.

அந்தத் தண்ணீரின் மணம் எனக்கு ஏன் தெரியவில்லை என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். பார்த்து முடிந்த ஸ்லைட்களைப் போட எங்கள் ஒவ்வொரு மேசையிலும் அதே மாதிரி மருந்துத் தண்ணீர்ச் சாடி இருந்தது. எங்கள் அறையே அந்த மணம்தான். என் சேலையிலும் அதே மணத்தை வீட்டுக்குக் கொண்டுபோவேன். அவள் போத்தல் என் அறையின் மணத்தோடு வந்தபோது, சுத்தமாக இருக்கிறது என்றுதான் என் மூக்கு சொன்னது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அவளை அப்படியே விட்டுவிட்டுப் படியேறி ஓடினேன். அந்தப் படிக்கட்டில் நான் ஓடி அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மழைத் தண்ணீர் தகரத்தின் ஓட்டை வழியாக ஒழுகிப் படிகள் வழுக்கின. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வாட்டில் ஊசித் தட்டு தயாராக இருந்தது. மருந்துக் குப்பியின் கழுத்து இன்னும் உடைக்கப்படவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வாட்டுக்குப் பொறுப்பான இளம் டாக்டர், யாழ்ப்பாணத்துப் பையன், அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம்.

"டாக்டர், அந்த ஊசியைப் போடாதீங்க. ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம்."

"எந்த ரிப்போர்ட்?"

"மூணும்."

பேனையை மூடினார். "மிஸ், நான் முதல் நாளே அமீபாவாயிருக்கும் எண்டு சொன்னனான். பெரியவர் உங்கட மூண்டு ரிப்போர்ட்டையும் காட்டி என்னை வாயடைக்கப் பண்ணினவர். இப்ப நீங்களே வந்து நம்ப வேண்டாம் எண்டுறியள். என்ன நடந்தது?"

அந்தக் கேள்விக்கு முழுப் பதில் ஒன்று என்னிடம் இருந்தது. முதல் போத்தலை நான் பார்க்காமல் எறிந்தேன். நான் ஏசிய ஏச்சுக்குப் பயந்து அவள் மற்ற மூன்றிலும் மருந்து ஊற்றினாள். மூன்று போத்தலிலும் செல்கள் உடைந்திருந்ததைப் பார்த்தும் நான் ஏன் என்று கேட்கவில்லை. இதுதான் அந்தப் பதில். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"போத்தலுக்குள்ள கிருமி கொல்லுற மருந்து இருந்திருக்கு டாக்டர்."

"ஆர் ஊத்தினது?"

பின்னாலேயே மூச்சு வாங்க ஏறி வந்திருந்த தாய், அந்த வெறும் போத்தலை இன்னும் கையில் வைத்திருந்தாள். "நாந்தாங்க ஐயா" என்றாள்.

அவர் போட்ட சத்தத்தில் வாட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "உனக்கென்ன விசரோ? சோதினைக்கு அனுப்புற சாமானுக்குள்ள ஆராவது மருந்து ஊத்துவினமோ? உன்ர பிள்ளையை நீயே சாக்காட்டப் பாத்தனியே!" அவள் கையிலிருந்த போத்தலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். யார் ஏசினது என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அவருக்கு அது ஆத்திரம் இல்லை, பயம்தான். "ஒரு மணிக்குப் பெரியவர் திரும்ப வருவார். அதுக்குள்ள ஓடுற அமீபாவை எனக்குக் காட்டுங்கோ. காட்டாட்டி ஊசி போடத்தான் வேணும். நாடி ஓடுற ஓட்டத்தைப் பாருங்கோ. சும்மா வச்சுக்கொண்டிருந்தாலும் பிள்ளை தாங்காது" என்றார்.

மாதிரியைக் கீழே கொண்டுபோனால் படியிலேயே சூடு ஆறிவிடும். நுணுக்குக்காட்டியை மேலே கொண்டுவருவதென்று முடிவெடுத்தேன். பெட்டியோடு தூக்கினால் ஒரு சின்னப் பிள்ளையின் பாரம். அதை நெஞ்சோடு அணைத்து, சுடுநீர்ப் போத்தலில் சூடான உப்பு நீரோடும் மடியில் ஸ்லைட்களோடும் மறுபடி ஏறினேன். வாட்டின் கடைசி ஜன்னலோரம் ஒரு மேசையை இழுத்துப் போட்டேன். அது மின்விளக்கு இல்லாத பழைய வகை. அடியிலிருக்கும் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பித்தான் வெளிச்சம் பிடிக்க வேண்டும். அன்று பார்த்து வானம் இருட்டிக் கிடந்தது. எதிர்மலையே தெரியவில்லை.

மணி பன்னிரண்டு கடந்தது. கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே தாய் கெஞ்சும் சத்தம் கேட்டது. பத்து நாளாக நில்லாமல் போய்க்கொண்டிருந்த பிள்ளைக்கு இப்போது வரவில்லை. வெந்நீரில் மட்டும் அலம்பிய சட்டியை நானே கொண்டுபோய்த் திரைக்குள் வைத்தேன். கண் குழி விழுந்து, உதடு வெடித்து, அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"அந்த மிஸ்ஸி இருந்தா நான் இருக்க மாட்டேன்மா. அவங்க ஏசுவாங்க."

வாட்டில் படுத்திருக்கிற பிள்ளைக்கு என்னை எப்படித் தெரியும்? தாய் சொல்லியிருப்பாள். என் ஏச்சு படியேறி வந்து அவள் கட்டில்வரைக்கும் சேர்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்கியது. "ஏச மாட்டேன் தங்கச்சி. நான் வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தலதா மாளிகைப் புத்தரிடமும், எங்கள் வீட்டு முன்னறை முருகனிடமும், மாதா கோவிலைக் கடக்கும்போது நான் நின்றும் பார்க்காத மாதாவிடமும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்குத் தாய் ஓடிவந்தாள். சட்டியைத் தூரமாக நீட்டிப் பிடித்திருந்தாள். "கழுவல மிஸ்ஸி. ஒண்ணும் ஊத்தல. சத்தியமா உள்ள தொடக்கூட இல்ல."

ஒரு கரண்டி அளவு சளி, இரத்தத்தோடு. குச்சியால் ஒரு துளி எடுத்துச் சூடான உப்பு நீரில் கலந்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, கண்ணை வைத்தேன். இந்த முறை இரத்தச் செல்கள் முழுசாக, கூட்டம் கூட்டமாக இருந்தன. மூன்று நாளும் நான் பார்த்திருக்க வேண்டியது இதுதான் என்று புரிந்தது. நடுநடுவே பெரிய உருண்டைகள். ஒன்றும் அசையவில்லை. ஸ்லைட்டை வரிவரியாக நகர்த்தினேன். என் கை பட்டதில் எல்லாமே அசைவது போலிருந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தால் எல்லாம் நின்றது.

"என்ன?" என்றார் டாக்டர் பின்னாலிருந்து.

"இன்னும் இல்லை."

இரண்டாவது ஸ்லைட். மேகம் கொஞ்சம் கூடி வெளிச்சம் இன்னும் குறைந்தது. ஸ்லைட் ஆறிவிடக்கூடாதென்று உள்ளங்கையால் பொத்தி ஊதினேன். மணி ஒன்றுக்குப் பத்து நிமிடம். தாய் கட்டிலடியில் நின்று என் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பது திரும்பாமலேயே தெரிந்தது. கண்டுபிடித்துவிடுவேன் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. ஒருவேளை உண்மையிலேயே அமீபா இல்லையோ, நான் வீணாக ஊசியைத் தள்ளிப் போட்டு இந்தப் பிள்ளையை வேறு வகையில் கொல்கிறேனோ என்று நினைத்தேன்.

மூன்றாவது ஸ்லைட்டில், ஓரத்தில், ஒரு உருண்டையின் பக்கம் புடைத்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். என் கை எதையும் தொடவில்லை. தெளிந்த விரல் ஒன்று மெதுவாக நீண்டது. பின்னாலிருந்த உடம்பு அதற்குள் வழிந்து போனது. அந்த உடம்புக்குள் விழுங்கப்பட்ட இரத்தச் செல்கள் நான்கைந்து உருண்டன. மறுபடி ஒரு விரல். ஓடியது, ஐயோ, ஓடியது. உயிரோடு ஒரு கிருமியைப் பார்த்து அவ்வளவு சந்தோசப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

கதிரையிலிருந்து எழுந்து டாக்டருக்கு இடம் விட்டேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "ஓம்" என்றார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "ஓம், ஓடுது. இரத்தச் செல்லையும் விழுங்கியிருக்கு" என்றார். தட்டிலிருந்த கோர்ட்டிசோன் குப்பியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரிய டாக்டர் வந்ததும் அவரும் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மருந்தை மாற்றச் சொன்னார். அமீபாவுக்கான மருந்து அந்த நிமிடமே ஆரம்பமானது. "மூன்று தரம் எப்படித் தப்பியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"தாய் போத்தலுக்குள்ள கிருமிநாசினி ஊத்தியிருக்கிறா, சேர்" என்று இளம் டாக்டர் சொன்னார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெரியவர் தாயை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார். "இந்த ஆட்கள்!" என்று தலையை ஆட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நல்ல வேளை, நீ கவனித்தாய்" என்றார். எல்லாவற்றையும் சொல்லக் கிடைத்த இரண்டாவது இடம் அது. நான் தலை குனிந்து நுணுக்குக்காட்டியின் வில்லையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பிள்ளை பிழைத்தாள். மூன்றாம் நாளே இரத்தம் நின்றது. ஒரு கிழமையில் கஞ்சி குடித்தாள், பிறகு சோறு கேட்டாள். நான் தினமும் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே போய்த் திரைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவேன். இதற்கிடையில் ஜன்னலுக்குப் பக்கத்தில், போத்தலில் மருந்துத் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று மூன்று மொழியிலும் அறிவித்தல் எழுதி ஒட்டினேன். நல்ல காரியம் செய்தேன் என்று எல்லோரும் மெச்சினார்கள். ஏச மாட்டோம், எப்படியிருந்தாலும் கொண்டுவாருங்கள் என்று அதில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நாளில் தாயும் மகளும் ஆய்வுகூடத்துக்கு இறங்கி வந்தார்கள். மகள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கால் இன்னும் சரியாக ஊன்றவில்லை. தாய் மட்டும் ஜன்னலுக்கு வந்தாள். அன்றைக்குப் போலவே படிய வாரிய தலை, திருநீறு. பெட்டி, பை எல்லாம் தோளில். ஹேவாஹெட்டப் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறதென்றாள்.

பிறகு, யாரும் கேட்காமலே, இரண்டு கையையும் கூப்பினாள்.

"மன்னிச்சிருங்க மிஸ்ஸி. படிக்காத கழுத, எங்கையாலேயே எம்புள்ளையக் கொல்லப் பாத்தேன். நீங்க ஓடியாராட்டி இன்னிக்கு இவ இல்ல. மொதப் போத்தல அழுக்காக் கொண்டாந்து ஒங்களுக்குக் கோவம் வர வச்சதும் நாந்தான். அதத்தான் தெனம் நெனைக்கிறேன். அன்னிக்கே சுத்தமாக் கொண்டாந்திருந்தா நீங்க பாத்திருப்பீங்க."

அவள் குத்திக் காட்டவில்லை. அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். அவள் அதை முழுக்க நம்பினாள். முதல் போத்தல் அழுக்காக இருந்ததால்தான் உண்மை அதில் இருந்தது என்பதும், அதைக் குப்பையில் போட்டவள் நான் என்பதும் உலகத்தில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அதில் ஒருத்தி அதைத் தன் குற்றமென்று எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் கை கூப்பி நிற்கிறாள். மற்றவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் பின்னால் மேசைகளில் சக ஊழியர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பரவாயில்லை" என்றேன். "இனிமே கவனமா இருங்க."

அவள் முகம் அப்படியே தெளிந்தது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போய், மகளைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். இருவரும் ரோட்டுக்குப் போகும் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார்கள்.

"மிஸ்ஸி கோவிச்சுக்கலடி" என்று அவள் மகளிடம் சொல்வது கேட்டது. "மன்னிச்சிட்டாங்க."